எட்டுப் பொட்டு

கம்பளத்தைச் சுருட்டியது தூசி தட்டத்தான். அவள் புருஷன் வருவதற்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. வருகிறவன் முதலில் தரையைப் பார்ப்பான், அப்புறம்தான் இவளைப் பார்ப்பான். போன தடவையும் அப்படித்தான், அதற்கு முந்தின தடவையும் அப்படித்தான். அதனால் முன்கூட்டியே எல்லாவற்றையும் எடுத்துத் தட்டி, துடைத்து, திரும்பப் போட்டுவிடலாம் என்று கம்பளத்தின் ஒரு முனையைப் பிடித்துச் சுருட்டிக்கொண்டே போனாள். பாதியில் கை நின்றுவிட்டது.

கம்பளம் கிடந்த இடம் கரும்பழுப்பாக இருந்தது. அதைச் சுற்றி இருந்த தரை காய்ந்த வைக்கோல் நிறம். இரண்டுக்கும் நடுவில் கத்தியால் கீறின மாதிரி ஒரு கோடு.

அழுக்கு என்று நினைத்து முந்தானையால் தேய்த்தாள். போகவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தாள். தண்ணீர் படக்கூடாது என்பது புருஷன் போட்ட சட்டம், எச்சில் தண்ணீரா இல்லையா என்று யோசிக்க அப்போது நேரமில்லை. அப்படியும் போகவில்லை. ஜன்னலோரம் கிடந்த இரண்டு நாற்காலிகளையும் தூக்கி ஓரமாக வைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு காலுக்கு அடியிலும் ஒரு வட்டம், நெற்றிப்பொட்டு அளவுக்கு, கரும்பழுப்பில். ஒரு நாற்காலிக்கு நாலு. இரண்டு நாற்காலிக்கு எட்டு.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. கறுப்பாக இருந்தது கறை இல்லை. அதுதான் தரைக்கு ஏற்றின நிறம். மீதி முழுக்கத்தான் வெயில் தின்றிருக்கிறது. கூடத்திலேயே உட்கார்ந்து தினமும் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அது வெளுத்துப்போனது தெரியவே இல்லை. தினமும் ஒரு மயிரிழை வெளுத்தால் யாருக்குத் தெரியும்?

அவள் புருஷனைத் தெருவில் எல்லோரும் பலகைக்காரன் என்பார்கள். தூரத்து நகரம் ஒன்றில், வீடுகளுக்கும் ஆபீஸ்களுக்கும் மரத்தரை போடுகிற கம்பெனியில் வேலை. பதினோரு மாதம் அங்கே, ஒரு மாதம் இங்கே. கல்யாணமாகி ஆறு வருஷம். அதாவது சேர்ந்து இருந்தது ஆறு மாதம். பிள்ளை இல்லை. அதைப் பற்றிப் பேச நாத்தனார் இருக்கிறாள், இங்கே நான் அதைப் பேசப்போவதில்லை.

அந்தக் கூடத்துத் தரையை அவனே போட்டான். வேலை நடக்கிற இடங்களில் மிஞ்சுகிற துண்டுப் பலகைகளை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கி, கட்டுக் கட்டாக லாரியில் அனுப்பிவைப்பான். முதல் மூன்று லீவையும் முழங்காலில் நின்றே கழித்தான். ஒன்று முழ நீளம், ஒன்று சாண் நீளம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மரம். எல்லாவற்றையும் இழைத்து, இடுக்கில்லாமல் சேர்த்து, ஒரே கரும்பழுப்புச் சாயம் ஏற்றி, மேலே மெருகு பூசி முடித்தபோது, ஒரே மரத்தை அறுத்துப் பரப்பின மாதிரி இருந்தது. அவனும் அவன் அக்காவும் வளர்ந்தது மண்தரை வீட்டில். மழை பெய்தால் தரை சேறாகிவிடும். இரண்டு பேரும் கட்டில் மேல் குந்தியபடியே தூங்குவார்களாம். இதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. அவனுக்கு அந்தத் தரை ஏன் அவ்வளவு முக்கியம் என்பது யாருக்கும் புரியும். அவளுக்கும் புரிந்தது. புரிந்ததால்தான் அவ்வளவு நாள் பொறுத்துப்போனாள்.

புது வேலையாளுக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரிச் சொல்லிக்கொடுத்தான். துடைக்கிற துணியைப் பிழிந்தபிறகு இன்னொரு தடவை முறுக்கினால் ஒரு சொட்டுக்கூட விழக்கூடாது. செருப்புக்கால் உள்ளே வரக்கூடாது. நாற்காலியை இழுக்கக்கூடாது, தூக்கித்தான் வைக்கவேண்டும். நாற்காலிக் கால்களுக்கு அடியில் கம்பளித்துணியை வட்டமாக வெட்டி ஒட்டிக்கொடுத்தான். எல்லாவற்றுக்கும் மேலே திரை. அடர்பச்சையில், இரண்டு மடிப்பாக, அவனே வாங்கிவந்து மாட்டின திரை. விடிந்ததிலிருந்து வெயில் சாய்கிற வரைக்கும் அது மூடியே இருக்கவேண்டும்.

மதியம் ஒரு மணிக்கு அவனுக்குச் சாப்பாட்டு நேரம். அப்போது ஃபோன் வரும்.

"திரை மூடியிருக்கா?"

"மூடியிருக்கு."

"துணிய நல்லாப் பிழியறியா?"

"பிழியறேன்."

"யாராச்சும் செருப்போட வந்தாங்களா?"

"யாரும் வரல."

"சரி, வெச்சிடறேன்."

நாற்பது செகண்டு. சில நாள் முப்பத்தைந்து.

தரை வேலை முடிந்து அவன் போன நாளிலிருந்து சொன்னபடியே கேட்டாள். அப்படியே வருஷங்கள் போயின. காலையில் திரையை இழுத்து மூடினால் கூடம் குகை மாதிரி ஆகிவிடும். பட்டப்பகலில் டியூப்லைட் போட்டுக்கொண்டு உட்காருவாள். மணி பார்க்காமல் பொழுது தெரியாது. மதியச் சோற்றை நாலு மணிக்குச் சாப்பிட்ட நாள் உண்டு. இரண்டு தடவை சாப்பிட்ட நாளும் உண்டு. சமையலறைக்கு சிமெண்டுத் தரை. அங்கே கையகல ஜன்னல் ஒன்று இருந்தது. பெரும்பாலும் அடுப்புக்குப் பக்கத்தில் அந்த ஜன்னலுக்கு நேராகப் பலகை போட்டு உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஜன்னலுக்கு வெளியேயும் பக்கத்து வீட்டுச் சுவர்தான்.

எதிர்வீட்டுத் தையல்காரம்மா அந்த வீட்டுக்கு சினிமாக் கொட்டகை என்று பேர் வைத்திருந்தாள். வாசலில் பார்த்தால், "என்ன தங்கச்சி, படம் இன்னும் முடியலையா?" என்பாள். இவள், "இன்னும் இடைவேளையே விடலக்கா" என்பாள். தெருவே சிரிக்கும். இவளும் சிரிப்பாள்.

அந்தத் தையல்காரம்மாதான் வேலை கொடுத்தது. பள்ளிக்கூடத்துக்கும் கம்பெனிகளுக்கும் கோட்டு தைக்கிறவள். பித்தான் துளைக்கு ஓரம் கட்டுகிற வேலையை மெஷினில் செய்தால் அழகு வராது என்று கையில்தான் செய்வாள். இவளுக்குக் கை நன்றாக ஓடும். ஆனால் கறுப்புத் துணியில் கறுப்பு நூல். டியூப்லைட் வெளிச்சத்தில் துணி எது நூல் எது என்று தெரியாது. ஒரு தடவை ஆறு கோட்டு திரும்பி வந்தது. தையல்காரம்மா கோபப்படவில்லை. கோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உன் கண்ணுல ஒண்ணும் கோளாறு இல்ல. உன் வீட்டுலதான் வெளிச்சம் இல்ல" என்றாள்.

மறுநாள் காலை திரையை ஒரு சாண் விலக்கினாள். அந்த வாரக் கடைசியில் ஒரு முழம். அடுத்த மாதம் முழுக்கத் திறந்துவிட்டாள். சாப்பாட்டு மேஜையிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து ஜன்னலோரம் வைத்து, அதில் உட்கார்ந்து பித்தான் துளை கட்ட ஆரம்பித்தாள். வெயில் காலத்தில் வெயில் ஜன்னலோடு நின்றுவிடும். குளிர்காலத்தில் உள்ளே நீண்டு வந்து கூடத்தின் பாதி வரைக்கும் படுத்துக்கொள்ளும். அவள் கால்மேல் ஏறும். அதற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாவது நாற்காலி பிறகு வந்தது. மடியில் கோட்டு, கையில் ஊசி, ஒரு மணிக்கு ஃபோன் அடித்தால் எடுத்துப் பேச வசதி இல்லை. அதற்காகத்தான் எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு, அதன் முதுகில் ஃபோனைச் சாய்த்து வைத்து, ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் தைக்க ஆரம்பித்தாள். நல்ல வெயிலில் உட்கார்ந்துகொண்டு "மூடியிருக்கு" என்பாள். ஃபோன் நின்ற பிறகும் நாற்காலி அங்கேயே இருக்கும். நூல் அறுந்தால் அதைப் பார்த்துச் சொல்வாள். தையல்காரம்மா இன்றைக்கு என்ன பேசினாள் என்று சொல்வாள். சோற்றில் உப்பு கூடிவிட்டது என்று சொல்வாள். இதெல்லாம் அவளாகவே ஒருநாள் கவனித்து, வெட்கப்பட்டு, இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். மூன்றாம் நாள் மறுபடி ஆரம்பித்துவிட்டாள்.

இப்படி இரண்டு வருஷம். அந்த இரண்டு வருஷமும் அந்த நாற்காலிகளை ஒரு விரல்கடைகூட நகர்த்தவில்லை. இழுத்தால் கீறல் விழும் என்று பயம். தூக்கி நகர்த்தினாலும் இறக்கும்போது இடித்துவிடுமோ என்று பயம். நடுவில் அவன் வந்த லீவின்போதுகூட நாற்காலியை எடுக்காமல், திரையை மட்டும் மூடிவைத்தாள். அப்போது இவ்வளவு வெளுக்கவும் இல்லை, அந்த இருட்டில் அவனுக்கும் ஒன்றும் தெரியவில்லை. கம்பளத்தையும் கிடந்த இடத்திலேயே வைத்துத்தான் பெருக்கினாள். அவன் சொன்னதில் திரையை மட்டும்தான் மீறினாள். மற்ற எல்லாவற்றையும் அட்சரம் பிசகாமல் கேட்டாள். கேட்டதுதான் இப்போது எட்டுப் பொட்டாகவும் ஒரு பெரிய செவ்வகமாகவும் தரையில் எழுதிக் கிடந்தது. வீட்டில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருகிற சாதாரணப் பொம்பளையாக இருந்திருந்தால் இந்த அளவுக்கு மாட்டியிருக்க மாட்டாள்.

வழக்கமாக வெயில் சாய்ந்தபிறகு வருகிற நாத்தனார் அன்றைக்குப் பார்த்துத்தான் பகலிலேயே வந்தாள். இரண்டு தெரு தள்ளி வீடு. முழங்கால் வலி என்று சொல்வாள், ஆனால் தம்பி வீட்டை எட்டிப் பார்க்க வருகிற நாளில் அந்த வலி வீட்டிலேயே தங்கிவிடும். வாசலில் செருப்பை விட்டு, ஒரு கையால் நிலையைப் பிடித்து உள்ளே வந்தவள், சுருட்டின கம்பளத்தையும் தரையையும் பார்த்து அப்படியே நின்றாள்.

அவள் கத்தவில்லை. கத்துகிற ரகம் இல்லை. நிதானமாக ஜன்னல் வரைக்கும் நடந்து, திறந்த திரையைத் தொட்டுப் பார்த்து, கீழே பார்த்துப் பொட்டுகளை ஒவ்வொன்றாகக் கால் கட்டைவிரலால் தொட்டாள்.

"எட்டு இருக்கு" என்றாள்.

"நாற்காலிக் கால், அண்ணி."

"அது தெரியுது. நீ ஒருத்தி. எதுக்கு ரெண்டு நாற்காலி?"

"நூல் டப்பா வெக்க."

"நூல் டப்பாவுக்கு முதுகு சாஞ்சு உட்காரணுமா?"

இவள் டீ போடப் போனாள். நாத்தனார் அப்புறம் அதைப் பற்றிப் பேசவில்லை. உட்கார்ந்து டீ குடித்தாள். டீ நன்றாக இருக்கிறது என்றாள். தன் வீட்டில் புருஷனும் இரண்டு பையன்களும் தின்ற தட்டைக்கூட எடுத்துவைக்க மாட்டார்கள் என்றும், தன்னால் இந்தக் காலோடு மூன்று ஆம்பளைகளுக்கு வடித்துக் கொட்ட முடியவில்லை என்றும் சொன்னாள். பின்னால் ஒரு அறை சும்மாத்தான் கிடக்கிறது என்றாள். அந்த அறை இவளுக்குத் தெரியும். உடைந்த கட்டிலும், பழைய பக்கெட்டுகளும், ஒரு நாற்பது வாட் பல்பும்.

போன லீவிலேயே பலகைக்காரன் சொல்லியிருந்தான். வீட்டைப் பார்த்துக்க முடியலன்னா சொல்லிடு, நீ அக்கா வீட்டுல இரு, இதைப் பூட்டிப் போட்டுடலாம், தரையாச்சும் நல்லா இருக்கும். விளையாட்டாகத்தான் சொன்ன மாதிரி இருந்தது. நாத்தனார் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

எழுந்து போகும்போது, "அவன்கிட்ட நானே பக்குவமாச் சொல்லிடறேன். நீ ஃபோன்ல சொல்லி அவனைப் பதற வெக்காத. துணிமணிய மட்டும் எடுத்து வெச்சுக்கோ" என்றாள்.

அவள் போனபிறகு இவள் டீ டம்ளரை எடுத்துக் கழுவிவைத்தாள். ஆறு வருஷமாக அவளுக்கு என்று இருந்தது இந்த வீடு ஒன்றுதான். இருட்டோ வெளிச்சமோ, அவள் எப்போது சாப்பிட்டாள் எப்போது தூங்கினாள் என்று கேட்க இங்கே ஆள் இல்லை. அது பல நாள் பாரமாகவும் இருந்தது. அந்தப் பின்னறைக்குப் போய்விட்டால் அதுவும் இல்லை. மூன்று ஆம்பளைகளின் தட்டு இருக்கும். ஊசி பிடிக்க நேரம் இருக்காது.

அன்று சாயந்திரமே வேலையை ஆரம்பித்தாள். கதவுக்குப் பின்னால் ஒரு துண்டுப் பலகையில் கெட்டியாக டீ டிக்காஷன் போட்டு, பஞ்சால் ஒற்றிப் பார்த்தாள். காய்ந்ததும் தேமல் மாதிரித் திட்டுத் திட்டாக நின்றது. அடுத்த பலகையில் பழுப்பு ஷூ பாலிஷ். பளபளப்பு வந்தது, நிறம் வரவில்லை, கூடம் முழுக்க செருப்புக்கடை வாடை அடித்தது. மறுநாள் தையல்காரம்மாவைக் கூட்டிவந்து காட்டினாள். அவள் செருப்பை வாசலில் விட்டு, இடுப்பில் கைவைத்துக் கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இந்தக் கொட்டகைக்குள்ளே வர இத்தனை வருஷம் ஆச்சு என்றாள்.

அவளுக்கு மரம் தெரியாது, துணி தெரியும். கடைவாசலில் மாதக்கணக்கில் மடித்து வைத்த துணியைப் பிரித்தால், வெளியே தெரிந்த பக்கம் வெளுத்து, உள்மடிப்பு புதுசாக இருக்கும். வெளுத்ததற்குச் சாயம் ஏற்றப்போனால் ரெண்டும்கெட்டானாகிவிடும். அதனால் துணிக்கடைக்காரர்கள் உள்மடிப்பை வெளியே திருப்பிப்போட்டு அதையும் வெயிலுக்குக் காட்டுவார்கள். மொத்தமும் ஒரே மாதிரி வெளுத்துவிட்டால் அது வெளுத்தது என்று யாருக்குமே தெரியாது.

"கறுப்பாக்கப் பார்க்காத. அதையும் வெளுக்க விடு" என்றாள்.

"எத்தனை நாள் ஆகும்க்கா?"

"துணின்னா மூணு மாசம். மரம் எப்படின்னு எனக்கென்ன தெரியும்?"

இருந்தது பதினோரு நாள். கம்பளத்தைச் சுருட்டி சமையலறையில் நிறுத்தினாள். நாற்காலிகளையும் அங்கேயே தூக்கிவைத்தாள். திரைகளை இரண்டு பக்கமும் ஒதுக்கி, விரிந்துகொள்ளாதபடி கயிற்றால் கட்டினாள். இதுவரை அவள் திறந்தது தைக்கிற பக்கத்து ஜன்னல் ஒன்றைத்தான். இப்போது நாலு கண்ணாடியும் திறந்தது.

வெயில் அப்படியே உள்ளே விழுந்தது.

உட்கார நாற்காலி இல்லாததால் தரையிலேயே உட்கார்ந்து தைத்தாள். மேலே ஒட்டடை தெரிந்தது, அடித்தாள். சுவரில் ஆணி அடித்த ஓட்டைகள் தெரிந்தன. துண்டுப் பலகைகள் எல்லாம் சாயம் போய் அவையவை சொந்த நிறத்துக்குத் திரும்பியிருப்பதை அப்போதுதான் பார்த்தாள். ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள், ஒன்றில் ரேகை சுழிசுழியாக ஓடியது. தெருவில் போகிறவர்கள் உள்ளே பார்த்தார்கள். பால்காரர் ஒருநாள், "புதுசாக் குடி வந்திருக்கீங்களாம்மா?" என்று கேட்டார். இல்லை, பழைய ஆள்தான் என்றாள். அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

நாலு நாள் வரைக்கும் ஒரு மணிக்கு ஃபோன் வந்தது. மூடியிருக்கு என்றே சொன்னாள். ஐந்தாம் நாள் வரவில்லை. ஆறாம் நாளும் இல்லை. நாத்தனார் பக்குவமாகச் சொல்லிவிட்டாள் என்று தெரிந்தது. ஒரு மணியானால் ஊசியை நிறுத்திவிட்டு ஃபோனைப் பார்ப்பாள். திரை மூடியிருக்கா என்று கேட்கக்கூட யாரும் இல்லை என்பது அவளுக்கு இவ்வளவு கனமாக இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. அந்தக் கேள்வியைத்தான் அவள் இத்தனை நாள் வெறுத்தது.

தினமும் சாயந்திரம் குனிந்து பார்ப்பாள். செவ்வகம் கொஞ்சம் மங்கியிருந்தது. ஓரத்துக் கோடு அவ்வளவு கூர்மையாக இல்லை. பொட்டுகள் எட்டும் அப்படியே இருந்தன.

அவன் பகல் பதினோரு மணிக்கு வந்தான். ஒரு கையில் பெட்டி, தோளில் சாமான் பை, பின்னால் நாத்தனார். வீட்டுக்கு வராமல் முதலில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டு வந்திருக்கிறான். இவள் திரையை மூடலாம் என்று காலையில் ஒரு தடவை எழுந்தாள். கயிற்றில் கைவைத்தாள். அப்புறம் விட்டுவிட்டாள். எப்படியும் தெரியத்தான் போகிறது, வெளிச்சத்திலேயே தெரியட்டும்.

நிலைப்படியில் நின்று பார்த்தான். பெட்டியை வெளியிலேயே வைத்துவிட்டு, ஷூவைக் கழற்றி, உள்ளே வந்து முழங்காலில் நின்றான். அப்படி நிற்பது அவனுக்குப் பழகின விஷயம். உள்ளங்கையைத் தரையில் வைத்து மெதுவாக நகர்த்தினான்.

"இங்க கம்பளம் கிடந்திருக்கு. ஒரு தடவகூடத் திருப்பல" என்றான். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. "இந்த ஜன்னல் ரெண்டு வருஷமாத் திறந்திருக்கு. மத்த மூணும் இப்பத்தான். பத்து நாள் இருக்கும்."

"பதினொண்ணு" என்றாள்.

பொட்டுகளிடம் போனான். விரலால் நாலைத் தொட்டான். எதிரே இருந்த நாலைத் தொட்டான். இரண்டு நாற்காலியும் ஒன்றை ஒன்று பார்த்துப் போட்டது என்று கால்களின் இடைவெளியை வைத்தே சொல்லிவிட்டான்.

"இதுல நீ. அதுல யாரு?"

"அதான் நானும் கேட்டேன். நூல் டப்பான்னா" என்றாள் நாத்தனார்.

"நூல் டப்பா இல்ல" என்றாள் இவள். "அண்ணிகிட்ட பொய் சொன்னேன். ஃபோன் வெப்பேன்."

"ஃபோனுக்கு நாற்காலியா?"

"நீங்க பேசறப்போ எதிர்ல ஆள் இருக்கற மாதிரி இருக்கட்டும்னு. நாப்பது செகண்டுதான் பேசுவீங்க. அப்புறம் நான் பேசுவேன்."

"யார்கிட்ட?"

"நாற்காலிகிட்ட."

நாத்தனார் சிரித்துவிட்டாள். "கேட்டியா தம்பி? இதை எந்த நீதிமன்றத்துல சொன்னாலும் ஒத்துப்பாங்களா?"

அவன் தரையில் படுத்தான். கன்னத்தைப் பலகையோடு பலகையாக வைத்து, ஒரு கண்ணை மூடி, வெளிச்சம் வருகிற பக்கமாகப் பார்த்தான். மெருகில் எங்கே தேய்மானம் இருக்கிறது என்று பார்க்க அந்த வேலையில் இருக்கிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். நிமிர்ந்து நின்று பார்த்தால் தெரியாதது அப்படிப் படுத்தால் தெரியும். சமையலறைக் கதவிலிருந்து முதல் நாற்காலி வரைக்கும் மெருகு மங்கி ஒற்றையடிப் பாதை மாதிரி ஒரு தடம் ஓடியது. அந்த நாற்காலிக்கு முன்னால் இரண்டு குதிகால் ஊன்றித் தேய்ந்த இடம் இருந்தது. நகர்ந்து இரண்டாவது நாற்காலிப் பக்கம் போய் மறுபடி படுத்தான். அங்கே வாசலிலிருந்து வருகிற தடம் இல்லை. குதிகால் இல்லை. அவன் பூசின நாளில் இருந்த மெருகு அப்படியே மின்னியது.

அவன் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. தூங்கிவிட்டானோ என்று நினைக்கிற அளவுக்கு.

எழுந்து உட்கார்ந்து, "இதுல யாரும் உட்காரலக்கா" என்றான். வேலையிடத்தில் மேஸ்திரிக்குச் சொல்கிற குரல். "ஒரு நாள்கூட யாரும் உட்காரல."

நாத்தனாருக்கு அது பிடிக்கவில்லை. சரி, யாரும் வரலன்னே வெச்சுக்கோ, தரை போச்சா இல்லையா என்று கேட்டாள். அவன், தேய்த்து மறுபடி சாயம் ஏற்றினால் சரியாகிவிடும் என்றும், அஞ்சாறு நாள் வேலை என்றும், அந்த வாடைக்குள் யாரும் இருக்க முடியாது என்றும் சொன்னான். மனைவியைப் பார்க்காமல், "அதுவரைக்கும் நீ அக்கா வீட்டுல இரு" என்றான்.

"துணியெல்லாம் எடுத்து வெச்சிருக்கியா?" என்று நாத்தனார் உடனே கேட்டாள்.

"எடுத்து வெக்கல" என்றாள் இவள். "இப்ப நான் போனா திரும்பி வரமாட்டேன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவருக்குத்தான் தெரியல."

நாத்தனார் வாயைத் திறந்தாள். இவள் அதற்குள் புருஷன் பக்கம் திரும்பிவிட்டாள்.

"ஒண்ணு கேக்கறேன். நீங்க தரை போட்டுக் குடுக்கற வீடுங்க இருக்கே. அவங்களையும் விடிஞ்சதுலேர்ந்து திரைய மூடி வெக்கச் சொல்வீங்களா?"

"இல்ல" என்றான்.

"பின்ன என்ன சொல்வீங்க?"

வேலை முடித்துச் சாவியைக் கொடுக்கும்போது வீட்டுக்காரர்களிடம் சொல்கிற பாடம் அவனுக்கு மனப்பாடம். அதை அப்படியே ஒப்பித்தான். ஜன்னல் கண்ணாடிக்கு ஃபிலிம் ஒட்டிக்கோங்க, வெயிலோட நிறத்தத் திங்கற பாதி அதுலயே நின்னுடும். கம்பளத்தை மாசம் ஒரு தடவ திருப்பிப் போடுங்க, ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ இடத்த மாத்துங்க. நாற்காலி மேஜைய சாண் சாணா நகர்த்திட்டே இருங்க. உச்சி வெயில் நேரத்துல மட்டும் பாதித் திரை போதும். அப்படியும் நிறம் கொஞ்சம் போகும், மரம்னா போகத்தான் செய்யும், ஆனா எல்லா இடத்துலயும் ஒண்ணாப் போகும், அதுவும் ஒரு அழகுதான்.

"எனக்கு ஏன் இதைச் சொல்லல?"

"திரைய மூடிட்டா இதெல்லாம் வேண்டாமே."

"அவங்களுக்கும் அதைச் சொல்லியிருக்கலாமே."

"அவங்க எப்படி மூடி வெப்பாங்க?" என்றான், கேட்டதே அசட்டுத்தனம் என்கிற மாதிரி. "அவங்க அங்க குடியிருக்கறவங்க."

சொல்லி முடித்தபிறகு அவன் வாய் மூடவில்லை. அப்படியே திறந்து இருந்தது.

  நாத்தனாரும் தரையைப் பார்த்தாள். மண்தரை வீட்டில் கட்டில்மேல் குந்தித் தூங்கினவள்தானே அவளும். உலை வைத்துவிட்டு வந்தேன் என்று சொல்லி, நிலையைப் பிடித்து இறங்கி, செருப்பை மாட்டினாள். இந்தத் தடவை கால் உண்மையாகவே வலித்திருக்கவேண்டும். படியில் ஒரு நிமிஷம் நின்றுதான் போனாள்.

வீட்டில் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள். அது அவர்கள் இரண்டு பேருக்கும் பழக்கமில்லாத விஷயம்.

"நான் இங்கதான் இருப்பேன்" என்றாள்.

"ம்."

"தரையத் தேய்க்க வேண்டாம். இப்படியே போகட்டும். திரைய எடுத்துடப் போறேன்."

அவன் தரையைப் பார்த்தான். மூன்று லீவு. முழங்கால் தோல் உரிந்து போட்ட தரை. அவன் உள்ளங்கை ஒரு பலகையைத் தடவிக்கொடுத்ததை அவள் பார்த்தாள். இரக்கம் வந்தது. அதற்காகச் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை.

"கழட்டு" என்றான்.

ஸ்டூலை அவனே கொண்டுவந்து போட்டான், ஏறினது அவள். வளையங்கள் துருவேறி இறுகியிருந்தன. ஒவ்வொன்றாகத் தள்ளிக் கழற்றிப் போட, பச்சைத் துணி கீழே மலை மாதிரிக் குவிந்தது. தூசியில் அவன் தும்மினான். மடித்து வெக்கவா என்று கேட்டான். எதிர்வீட்டு அக்காவுக்குக் கொடுத்தால் கோட்டுக்கு உள்துணி ஆக்குவாள் என்றாள். சரி என்றான்.

மன்னிப்பு கேட்கவில்லை. கேட்கிற ஆள் இல்லை. சாமான் பையைத் திறந்து டேப்பை எடுத்தான். அளவு தெரிந்தால் நாளைக்கே ஃபிலிம் வாங்கிவரலாம் என்று டேப்பைப் பார்த்துச் சொன்னான்.

"அந்த முனையப் பிடி."

பிடித்தாள். அவன் இந்த ஓரத்துக்கு நகர்ந்து, டேப்பை இழுத்து, கண்ணாடியோடு அழுத்திப் பார்த்தான்.

"நூத்தி முப்பத்தேழு. ஞாபகம் வெச்சுக்கோ."

"நூத்தி முப்பத்தேழு."

"உயரம். கீழ பிடி. தொண்ணூத்தி நாலு."

"தொண்ணூத்தி நாலு."

அடுத்த கண்ணாடிக்குப் போனார்கள். அதற்கு அடுத்ததற்கும். ஒரு அளவில் அவனுக்குச் சந்தேகம் வந்து மறுபடி சொல்லச் சொன்னான், சொன்னாள். அவள் சொன்னது சரியாக இருந்தது. ஆறு வருஷத்தில் அவர்கள் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போலப் பேசினது அதுதான் முதல் தடவை. எல்லாம் வெறும் எண்கள்.

நாலாவது கண்ணாடிக்கு வந்தபோது அவளுக்கு என்னவோ சொல்லவேண்டும் போல இருந்தது. பால்காரர் புதுசாகக் குடி வந்தீர்களா என்று கேட்டதைச் சொல்லலாம். வேறு எதையாவதும் சொல்லலாம். அவன் கண்ணைச் சுருக்கி டேப்பில் கோட்டைத் தேடிக்கொண்டிருந்தான். தன் முனையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவன் எண்ணைச் சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.